கிளைடரை இழுக்க எந்தக் கயிறு?

பட்டம் விட்டுப் பார்க்காத மாணவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். நூலைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து நாலு எட்டு ஓடினால் போதும். பட்டம் தலையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். நூல் அறுந்துவிட்டால்? பட்டம் எங்கோ போய் விழும். அடுத்த தெருப் பையன் எடுத்துக்கொள்வான். நமக்கு நட்டம் சில ரூபாய்கள்தாம்.

இப்போது வேறு ஒரு பட்டத்தை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நிறை 600 கிலோகிராம். இறக்கையின் அகலம் முனைக்கு முனை 17 மீட்டர். அதனுள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலின் நீளம் 1,000 மீட்டர். நூலின் மறுமுனையில் ஓடுவது பையன் அல்ல. ஒரு பெரிய எஞ்சின். இந்த நூல் எந்தப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்? எவ்வளவு தடிமன் வேண்டும்?

என் வகுப்பில் ஒருமுறை இக்கேள்வியைக் கேட்டேன். "இருப்பதிலேயே பலமான கயிற்றைக் கட்டிவிட வேண்டியதுதானே, சார்?" என்றார் ஒரு மாணவர். கேட்பதற்குச் சரியான விடை போலத்தான் தோன்றுகிறது. ஆனால், அந்த விடையை அப்படியே நம்பிக் கயிறு கட்டினால் உள்ளே இருக்கும் இருவரின் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. ஏன் என்பதை நீங்கள் பள்ளியில் படித்த பௌதிகத்தைக் கொண்டே பார்ப்போம்.

எஞ்சின் இல்லாத விமானம்

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். உயரத்திலிருந்து மெல்லச் சறுக்கிக்கொண்டே இறங்கும். வழியில் மேலெழும் வெப்பக் காற்று கிடைத்தால் பருந்தைப் போல வட்டமிட்டு ஏறிக்கொள்ளும். ஆனால் தரையிலிருந்து தானாகக் கிளம்ப இயலாது. யாராவது அதனை முதலில் உயரத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அதற்கான மலிவான வழிகளுள் ஒன்று வின்ச் எனப்படும் இழுவைப் பொறி. ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளில் கிளைடர்ச் சங்கங்கள் பல இம்முறையையே கையாளுகின்றன. நம் நாட்டில் புனே நகரை அடுத்த ஹடப்சர் கிளைடர்த் தளம் இதற்குப் பெயர் பெற்றது.

மைதானத்தின் ஒரு கோடியில் கிளைடர் நிற்கும். மறுகோடியில் வின்ச் நிற்கும். அதிலுள்ள உருளையில் கயிறு சுற்றப்பட்டிருக்கும். கயிற்றை மைதானம் நெடுக இழுத்துவந்து, அதன் முனையிலுள்ள வளையத்தைக் கிளைடரின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டுவார்கள். சைகை கிடைத்ததும் வின்ச் எஞ்சின் உருளையைச் சுழற்றிக் கயிற்றை வேகமாக இழுக்கும். ஏறத்தாழ 4 வினாடிகளில் கிளைடர் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தை எட்டும். பிறகு படிப்படியாக மூக்கைத் தூக்கி, பட்டத்தைப் போலவே கயிற்றின் மீது சாய்ந்து ஏறும். ஒரு நிமிடத்துக்குள் 350, 400 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அங்கே விமானி கொக்கியைத் திறந்து கயிற்றை விட்டுவிடுவார். கயிற்றின் முனையில் ஒரு சிறிய பாரசூட் உண்டு. அது விரிந்து கயிற்றை மெல்ல இறக்க, வின்ச் அதனைச் சுருட்டிக்கொள்ளும்.

கயிற்றில் எவ்வளவு விசை?

கயிற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எவ்வளவு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்று தெரியவேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 என்று வைத்துக்கொள்வோம்.

தரையில் ஓடும்போது முடுக்கம் = 25 ÷ 4 = 6.25 மீ./வி.². ஆகவே தேவைப்படும் விசை = 600 × 6.25 = 3,750 நியூட்டன். ஏறும்போது விசை இன்னும் கூடும். கிளைடர் மேலே ஏறுகிறது. கயிறோ முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கிறது. இந்நிலையில் கயிற்றின் இழுவிசை கிளைடரின் எடையை நெருங்கும். நம் கிளைடரின் எடை 6,000 நியூட்டன். கயிற்றின் இழுவிசையும் அதே அளவு என்று கொள்வோம்.

எஞ்சினின் திறனையும் இதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். திறன் = விசை × வேகம். கயிறு வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுருட்டப்பட்டால் 6,000 × 20 = 1,20,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலால் இது ஏறத்தாழ 160 குதிரைத்திறன். உராய்வு முதலியவற்றையும் சேர்த்தால் 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் ஏன் தேவைப்படுகிறது என்று புரிகிறதல்லவா?

ஒரே கம்பியா, பல இழைகளா?

6,000 நியூட்டன் என்பது பெரிய விசையே. ஆனாலும் நல்ல எஃகுக் கம்பிக்கு அது பொருட்டல்ல. இழுத்து உரமேற்றிய எஃகுக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,800 நியூட்டன் தாங்கும். 4 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு சுமார் 12.5 ச.மி.மீ. எனவே அது அறுவதற்கு 22,500 நியூட்டன் வேண்டும். தேவையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! பின் ஒரே கம்பியைக் கட்டிவிடலாமே என்று தோன்றலாம்.

இங்கேதான் முதல் சிக்கல். கயிறு நேராக மட்டும் இருப்பதில்லை. வின்ச்சிலுள்ள கப்பியைச் சுற்றி வளைகிறது. ஒரு கம்பியை வளைத்தால் அதன் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். வெளிப்புறத்தில் ஏற்படும் திரிபு, கம்பியின் விட்டத்தைக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். 4 மி.மீ. கம்பி 200 மி.மீ. கப்பியில் வளைந்தால் திரிபு 4 ÷ 200 = 0.02. எஃகின் யங் குணகம் ஒரு ச.மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன். தகைவு = யங் குணகம் × திரிபு. கணக்கிட்டால் 4,000 நியூட்டன் வருகிறது. கம்பி தாங்குவதோ 1,800 தான். அப்படியானால் அது மீட்சி எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது, நிரந்தரமாக வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி வளைந்து நிமிர்ந்தால், மின்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து நாம் ஒடிப்பதைப் போல, விரைவில் ஒடிந்துபோகும்.

ஒரே கம்பியைப் பயன்படுத்த விரும்பினால் மிகப் பெரிய கப்பி வேண்டும். சிறிய கப்பி வேண்டுமென்றால் கம்பியை மெல்லியதாக்க வேண்டும். மெல்லிய கம்பி பலம் குறைந்தது. அதனால் பல கம்பிகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். 19 மெல்லிய கம்பிகளை முறுக்கி ஒரு புரியாக்கி, அப்படிப்பட்ட 7 புரிகளை முறுக்கினால் 133 கம்பிகள் கொண்ட கயிறு கிடைக்கும். கயிற்றின் தடிமன் 5 மி.மீ. என்றால் ஒவ்வொரு கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.33 மி.மீ. தான். அதே கப்பியில் வளையும்போது தகைவு 2,00,000 × 0.33 ÷ 200 = 330 நியூட்டன். எஃகு இதனை எளிதில் தாங்கும்.

முறுக்கிய கம்பிக் கயிற்றுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் 1834ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். அதற்குமுன் சுரங்கத்திலிருந்து தாதுவை ஏற்றச் சணல் கயிற்றையும் இரும்புச் சங்கிலியையும் பயன்படுத்தினர். சங்கிலியில் ஒரு கண்ணி ஒடிந்தால் எல்லாமே போயிற்று, முன்னறிவிப்பும் கிடையாது. கம்பிக் கயிற்றிலோ ஒரு கம்பி அறுந்தால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அறுந்த கம்பி முள்ளைப் போல வெளியே நீட்டிக்கொண்டு, "என்னைக் கவனி" என்று எச்சரிக்கும். 

ஆனால், மிக மெல்லிய கம்பிகளுக்கும் ஒரு குறை உண்டு. மைதானத்துக் கல்லிலும் மணலிலும் இழுபட்டு அவை விரைவில் தேய்ந்துவிடும். இதனால் சற்றுத் தடித்த 49 கம்பிகள் கொண்ட கயிற்றைச் சிலர் விரும்புவர். கப்பிக்கு மெல்லிய கம்பி நல்லது. தரைக்குத் தடித்த கம்பி நல்லது. இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு காண்பதே பொறியியல்.

ரப்பரைப் போல் நீண்டால் என்ன?

"எஃகு எதற்கு? நைலான் கயிறு இலேசானது, துருப்பிடிக்காது, மலிவானது. அதைக் கட்டலாமே?" என்று அடுத்த கேள்வி எழலாம். நீட்சியைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நீட்சி = விசை × நீளம் ÷ (பரப்பு × யங் குணகம்).

எஃகின் பரப்பை 12.5 ச.மி.மீ. என்று கொண்டால் நீட்சி = 6,000 × 1,000 ÷ (12.5 × 2,00,000) = 2.4 மீட்டர். முறுக்கிய கயிறானால் இன்னும் சற்று நீளும். ஒரு கிலோமீட்டர் கயிற்றில் இது அற்பம்.

நைலானின் யங் குணகத்தை ஒரு ச.மி.மீ.க்கு ஏறத்தாழ 3,000 நியூட்டன் எனக் கொள்ளலாம். எஃகைவிடத் தடித்த கயிறாக, 40 ச.மி.மீ. பரப்புள்ளதாகவே எடுத்துக்கொள்வோம். நீட்சி = 6,000 × 1,000 ÷ (40 × 3,000) = 50 மீட்டர்!

இதன் விளைவு என்ன? நீட்டப்பட்ட கயிற்றில் நிலையாற்றல் சேமிக்கப்படுகிறது. அதன் அளவு, பாதி விசை × நீட்சி. எஃகில் ½ × 6,000 × 2.4 = 7,200 ஜூல். நைலானில் ½ × 6,000 × 50 = 1,50,000 ஜூல். 600 கி.கி. கிளைடரை 25 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் இது. கயிறு அறுந்தால் இவ்வளவு ஆற்றலும் ஒரே கணத்தில் இயக்க ஆற்றலாக மாறும். அறுந்த முனை சாட்டையைப் போல் எந்தப் பக்கம் பாயும் என்று யாரால் சொல்ல முடியும்? வின்ச் ஓட்டுநரும் தரையில் நிற்பவர்களும் அதன் வழியில் இருக்கலாம். அறாவிட்டாலும் தொல்லைதான். வின்ச் இழுக்கக் கிளைடர் உடனே நகராது. கயிறு நீண்டுகொண்டே போகும். பின் திடீரெனக் கவண் கல்லைப் போலக் கிளைடரை எறியும்.

முற்காலத்தில் அப்படி எறிவதற்கென்றே ரப்பர்க் கயிற்றைப் பயன்படுத்தியதுண்டு. 1920களில் ஜெர்மனியின் வாசர்குப்பே மலைச்சரிவிலிருந்து கிளைடர்களை ரப்பர்க் கயிற்றை இழுத்து ஏவினார்கள். அங்கே கயிறு குட்டை, கிளைடரும் இலேசானது, மலைச்சரிவே உயரத்தைக் கொடுத்தது. வின்ச்சில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. இழுத்தவுடன் இழுபட வேண்டும். ஆற்றலைப் பதுக்கி வைக்கக் கூடாது. "எஃகு, ரப்பர் இரண்டில் மீட்சித்தன்மை மிகுந்தது எது?" என்று உங்கள் ஆசிரியர் கேட்டிருப்பார். எஃகு என்பதே விடை. அவ்விடையின் பயனை இங்கே காண்கிறீர்கள்.

தன்னையே சுமக்கும் கயிறு

எஃகுக் கயிறு நீள்வதில்லை, பலமானது. பிறகென்ன குறை? எடைதான்.

5 மி.மீ. எஃகுக் கயிறு மீட்டருக்குச் சுமார் 90 கிராம் இருக்கும். 1,000 மீட்டருக்கு 90 கி.கி. ஓடத் தொடங்கும்போது கிளைடரோடு இந்தக் கயிற்றையும் முடுக்க வேண்டும். அதற்கே 90 × 6.25, அதாவது 560 நியூட்டனுக்கு மேல் செலவாகிறது. மேலே போனபின் நிலைமை இன்னும் மோசம். 700 மீட்டர் கயிறு காற்றில் தொங்கினால் அதன் எடை 630 நியூட்டன். 63 கி.கி. உடைய மூன்றாவது ஆள் ஒருவர் கிளைடரின் அடியில் தொங்கிக்கொண்டு வருவதைப் போன்றது இது! இவ்வெடையால் கயிறு தொய்ந்து வில்லாக வளையும். கிளைடர் எட்டும் உயரம் குறையும்.

இங்கே ஒரு வேடிக்கையான கேள்வி. ஒரு கயிற்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நீளத்தை அதிகரித்துக்கொண்டே போனால், எந்த நீளத்தில் அது தன் எடையாலேயே அறும்? தடிமனைக் கூட்டினால் பலமும் கூடும், எடையும் அதே விகிதத்தில் கூடும். எனவே விடை தடிமனைப் பொறுத்ததல்ல. பொருளை மட்டுமே பொறுத்தது. முறிவுத் தகைவை அடர்த்தியாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் அந்நீளம் கிடைக்கும். எஃகுக் கம்பிக்கு இது ஏறத்தாழ 23 கிலோமீட்டர். நைலான் இழைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். இன்னொரு இழை இருக்கிறது. அதற்கு 300 கிலோமீட்டர்! அது என்ன அதிசயப் பொருள் என்று கேட்கிறீர்களா? நாம் காய்கறி வாங்கிவந்த பாலிதீன் பையின் உடன்பிறப்புதான்.

பாலிதீன் பலம் பெற்ற கதை

பாலிதீன் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. பையில் இச்சங்கிலிகள் இடியாப்பத்தைப் போலச் சிக்கிக் கிடக்கின்றன. இழுத்தால் சிக்கல் விலகி ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகின்றன, பை கிழிகிறது. சங்கிலிகள் அறவே இல்லை, நழுவத்தான் செய்தன. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பலமான பிணைப்பு சோதிக்கப்படவே இல்லை.

1970களின் இறுதியில் நெதர்லாந்து நாட்டு டி.எஸ்.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்னும் இருவர் இச்சிக்கலுக்கு வழி கண்டனர். மிக மிக நீண்ட சங்கிலிகளையுடைய பாலிதீனை ஒரு கரைப்பானில் கரைத்தார்கள். கரைசலில் சங்கிலிகள் விலகி நிற்பதால் சிக்கல் குறையும். அக்கரைசலை நுண்துளை வழியே இழையாகப் பிழிந்து, குளிரவைத்துக் கூழ்ம நிலையில் பல மடங்கு நீளத்துக்கு இழுத்தார்கள். எண்ணெய் தடவிச் சீவிய கூந்தலைப் போலச் சங்கிலிகள் யாவும் ஒரே திசையில் படிந்தன. இப்போது இழையை இழுத்தால் சுமை நேராகக் கார்பன் பிணைப்பின் மேல் விழுகிறது. டைனீமா என்ற பெயரில் விற்பனையாவது இவ்விழையே. ஒரு ச.மி.மீ.க்கு ஏறத்தாழ 3,000 நியூட்டன் தாங்கும். அடர்த்தியோ நீரைவிடக் குறைவு, 0.97. எனவே நீரில் மிதக்கும்.

இவ்விழையால் பின்னிய 5 மி.மீ. கயிறு மீட்டருக்குச் சுமார் 15 கிராம்தான். ஒரு கிலோமீட்டர் கயிற்றை ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பலமோ 20,000 நியூட்டனுக்கு மேல். அதே தடிமனுள்ள முறுக்கிய எஃகுக் கயிறு தாங்குவது சுமார் 15,000. அடியில் தொங்கிய அந்த "மூன்றாவது ஆள்" 63 கி.கி.யிலிருந்து பத்தரை கி.கி.யாக இளைத்துவிட்டார்! நீட்சியும் நைலானைப் போல் இல்லை. எஃகைவிடச் சில மடங்கு, அவ்வளவுதான். அறுந்தாலும் இலேசான கயிறு காற்றின் தடையால் சீக்கிரம் வேகம் இழக்கும்.

ஆனால், குறையில்லாத பொருள் உண்டா? சங்கிலிகளுக்கிடையே உள்ள கவர்ச்சி மிகக் குறைவு. அதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, இழை வழுவழுப்பானது. முடிச்சுப் போட்டால் நழுவும். முனைகளை ஒன்றன் வயிற்றுக்குள் ஒன்றைச் செருகிப் பின்னித்தான் இணைக்க வேண்டும். இரண்டாவது, ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசில் உருகிவிடும். எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். கப்பி ஒன்று துருப்பிடித்துச் சுழலாமல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கயிறு அதன்மேல் உராய்கிறது. உராய்வு விசை 500 நியூட்டனே என்றாலும் ஒவ்வொரு வினாடியும் 10,000 ஜூல் வெப்பம் உண்டாகும். வீட்டில் வெந்நீர் போடும் 1,000 வாட் கருவிகள் பத்து, ஒரே இடத்தில் சுடுவதற்கு ஒப்பாகும் இது. எஃகுக் கயிறு பொறி பறக்க ஓடிவிடும். பாலிதீன் கயிறு மேற்புறம் உருகிப் பலம் இழக்கும். ஆகவே புதிய கயிற்றுக்கு மாறும் சங்கம், எஃகு உராய்ந்து வடுப்பட்ட பழைய கப்பிகளையும் மாற்றவேண்டும். அதன் விலையும் எஃகைப் போலப் பல மடங்கு.

வேண்டுமென்றே வைத்த பலவீனம்

இனி, "இருப்பதிலேயே பலமான கயிறு" என்ற விடைக்குத் திரும்புவோம்.

கயிறு கீழ்நோக்கி இழுக்கும்போது இறக்கை இரண்டு சுமைகளைத் தூக்கவேண்டும்: கிளைடரின் எடை, கயிற்றின் இழுவிசை. இழுவிசை 6,000 என்றால் இறக்கையின் தூக்குவிசை 12,000; அதாவது எடையைப் போல் இரு மடங்கு. இப்போது பலத்த காற்று மோதுகிறது, அல்லது வின்ச் ஓட்டுநர் தவறி அதிகமாக முடுக்கிவிடுகிறார். கயிறு 25,000 நியூட்டன் வரை அறாது என்றால் இழுவிசையும் அதுவரை ஏறலாம். இறக்கையின் மேல் சுமை 31,000 நியூட்டன். எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல்! இறக்கையும் கொக்கி பொருத்திய சட்டமும் தாங்கும் எல்லை நெருங்கிவிடும். கயிறு அறவில்லை, ஆனால் விமானம் முறியலாம்.

ஆகவே கயிற்றுக்கும் கிளைடருக்கும் இடையில் ஒரு "பலவீனக் கண்ணி" வைக்கிறார்கள். குறிப்பிட்ட விசையில் அறும்படி துளையிட்டுச் செய்த சிறிய எஃகுப் பட்டை அது. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை இது செய்கிறது. ஜெர்மனியின் டோஸ்ட் நிறுவனம் செய்யும் கண்ணிகளுக்கு நிற அடையாளம் உண்டு. கறுப்பு 10,000 நியூட்டன், பழுப்பு 8,500, சிவப்பு 7,500, நீலம் 6,000, வெள்ளை 5,000. எந்தக் கிளைடருக்கு எந்த நிறம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கும். நம் 600 கி.கி. கிளைடருக்குக் கறுப்புக் கண்ணி போட்டால், இறக்கையின் சுமை 16,000 நியூட்டனைத் தாண்டாது. எடையைப் போல் 2.7 மடங்குக்குள் நின்றுவிடும். அதே கறுப்புக் கண்ணியை 350 கி.கி. கிளைடருக்குப் போட்டால்? 13,500 ÷ 3,500, ஏறத்தாழ 3.9 மடங்கு. ஆகவே நிறத்தை மாற்றிப் போடுவது சிறு தவறல்ல.

கயிற்றின் பலம் கண்ணியின் பலத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்கவேண்டும் என்பதையும் கவனியுங்கள். தேய்ந்த கயிறு கண்ணிக்கு முன்னே அறுமானால், எங்கே, எப்போது அறும் என்று தெரியாது. அறுபடும் இடத்தையும் விசையையும் நாமே தீர்மானிக்க வேண்டும். அதனைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது.

ஒன்றரை வினாடி

கண்ணி அறுந்தால் கிளைடருக்கு என்ன ஆகும்? 100 மீட்டர் உயரத்தில், 45 டிகிரி சாய்வில், வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். கயிறு போனதும் ஈர்ப்பு விசை அதன் வேகத்தைக் குறைக்கிறது. பாதையின் வழியே எதிர்முடுக்கம் 10 × 0.7 = 7 மீ./வி.². வினாடிக்கு 18 மீட்டருக்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் திறனை இழக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 10 மீ./வி. வேகம் கரைய ஆகும் நேரம் 10 ÷ 7, ஏறத்தாழ ஒன்றரை வினாடி. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறைவு.

அதற்குள் விமானி கைப்பிடியை முன்தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். வேகம் மீண்டதைப் பார்த்த பிறகே திரும்புவதா, நேராக இறங்குவதா என்று முடிவு செய்யவேண்டும். இதனால்தான் வின்ச்சில் பயிலும் மாணவரைத் தனியே பறக்கவிடும் முன், பயிற்சியாளர் வேண்டுமென்றே இடைவழியில் கயிற்றை விடுவித்துப் பலமுறை பழக்குகிறார். கயிறு அறுவது பழக்கப்பட்ட கைக்குச் சமாளிக்கக்கூடிய இடர்; இறக்கை முறிவது எந்தக் கைக்கும் சமாளிக்க முடியாதது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் முதலாவதையே தேர்ந்தெடுக்கிறோம். கண்ணியின் தத்துவம் இவ்வளவே.

காவல் இத்துடன் முடியவில்லை. கயிறு கிளைடரின் பின்பக்கமாகப் போய்விட்டால் கொக்கி தானே திறந்துகொள்ளும். அதுவும் திறக்காவிட்டால் வின்ச்சில் கயிற்றை வெட்டுவதற்கென்றே ஒரு கத்தி தயாராக இருக்கும்.

அப்படியானால் எந்தக் கயிறு?

எல்லா மைதானத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கரடுமுரடான தரை, பழைய வின்ச், கையிருப்பும் குறைவு என்றால் முறுக்கிய எஃகுக் கயிறு நன்றாகவே உழைக்கும். அறுந்த கம்பி முட்கள் கையைக் கிழிக்காதபடி உறை அணிந்துகொள்ள வேண்டும். புல்தரை, வழுவழுப்பான புதிய கப்பிகள், நீண்ட ஓடுபாதை, கூடுதல் உயரம் வேண்டும் என்றால் பாலிதீன் இழைக் கயிறு ஏற்றது. நைலான் இரண்டுக்கும் போட்டியே அல்ல. எந்தக் கயிறானாலும், தினமும் அதனைக் கண்ணால் பார்த்துத் தேய்ந்த பகுதியை வெட்டி எறிய ஒருவர் வேண்டும். கணக்கு சரியாக இருந்து கவனிப்பு இல்லாவிட்டால் பயனில்லை.

என் மாணவர் மறுநாள் வந்து, "பலமான கயிறு வேண்டும்; ஆனால் அதில் ஒரு பலவீனமான இடமும் வேண்டும், சார்" என்று திருத்திச் சொன்னார். அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

செய்து பாருங்கள்

ஒரே உருண்டையிலிருந்து இரு துண்டு தையல் நூல் எடுங்கள். ஒன்றின் நடுவில் ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொன்றையும் உயரத்தில் கட்டி, கீழே ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு, தம்ளர் தம்ளராக நீர் ஊற்றுங்கள். தரையில் பழைய தலையணை ஒன்றைப் போட்டுவைத்து, காலை விலக்கி நில்லுங்கள். முடிச்சுள்ள நூல் எத்தனை தம்ளரில் அறுந்தது? எந்த இடத்தில் அறுந்தது? கயிற்றில் முடிச்சுப் போடுவதைக் கிளைடர்ச் சங்கத்தார் ஏன் விரும்புவதில்லை என்பது தெரிந்துவிடும்.

கணக்குகள்

1. 350 கி.கி. கிளைடர் ஒன்றுக்கு வெள்ளைக் கண்ணி பொருத்தியிருக்கிறது. இறக்கையின் சுமை எடையைப் போல் அதிக அளவு எத்தனை மடங்கு ஆகலாம்?

2. 3 மி.மீ. தனி எஃகுக் கம்பி கப்பியில் வளையும்போது தகைவு ஒரு ச.மி.மீ.க்கு 500 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கப்பியின் விட்டம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 2.4 மடங்கு. 2. 1,200 மி.மீ.